கீரி மறைத்த நண்டுக் கடன்

ஒரு காட்டில் கீரி ஒன்று தன் மகளின் காதுகுத்தைத் தடபுடலாக நடத்தியது. வந்தவர்களுக்கெல்லாம் வயிறு முட்ட நண்டு விருந்து. "கீரியண்ணன் கை தாராளமான கைப்பா!" என்று எல்லாரும் ஏப்பம் விட்டபடி போனார்கள். அத்தனை நண்டும் நரியிடம் வாங்கிய கடன் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் காட்டு முயல்கள் தங்கள் குட்டிகளை ஒரு வளைக்குள் வைத்து வளர்த்தன. வளைக்கு ஒரு பின்வாசல் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது முயல்களுக்கும் காவல் நிற்பவருக்கும் மட்டும்தான் தெரியும். காவலுக்கு இருந்த முள்ளம்பன்றி வேறு காட்டுக்குப் போய்விடவே, கீரியும் உடும்பும் அந்த வேலையைக் கேட்டு வந்தன.

யானைத் தலைவர் எல்லாரையும் குளத்தங்கரையில் கூட்டினார். காவலுக்கு வருபவரிடம் கடனைப் பற்றிச் சபையில் கேட்பது அங்கே வழக்கம்.

"உடும்பே, யாருக்காவது ஏதாவது தரணுமா?"

"ஆமாங்க. ஆந்தை அக்காவுக்கு எலி பாக்கி. கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிட்டு வரேன்."

"அதான் அக்கா இப்படி இளைச்சுப் போச்சா!" என்று கத்தியது குரங்கு. கூட்டமே சிரித்தது. உடும்பும் அசடு வழியச் சிரித்தது.

கீரிக்கு உடம்பெல்லாம் கூசியது. விருந்து சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்களே!

"கீரி, உனக்கு?"

"எனக்கா? கடனா? ஒரு புழுகூட யாருக்கும் தர வேண்டியதில்லை!"

கூட்டத்தில் இருந்த நரி வாயே திறக்கவில்லை. வாலை மட்டும் மெல்ல ஆட்டியது.

பாம்புக்கே பயப்படாதவன் என்று கீரிக்குத்தான் காவல் கிடைத்தது.

மறுநாள் உச்சி வெயிலில் நரி வந்தது.

"மாப்பிள்ளே, நண்டை நீ திருப்பியே தர வேண்டாம். அந்தப் பின்வாசல் எங்கே இருக்கு? அதை மட்டும் சொல்லு."

"ஐயோ, உள்ளே குட்டிங்க தூங்குது!"

"அதுக்குத்தானே கேக்கிறேன்! சொல்லலேன்னா, நீ சபையில புளுகினதை மரத்துக்கு மரம் போய்ச் சொல்லிடுவேன். பொழுது சாயறதுக்குள்ள யோசிச்சுக்கோ."

பாம்பாக இருந்தால் கீரி பாய்ந்து கடித்திருக்கும். இதை எங்கே கடிப்பது? வளைக்குள் ஒரு குட்டி தூக்கத்தில் முனகியது. கீரி தலையைக் குனிந்துகொண்டு யானைத் தலைவரிடம் ஓடியது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது.

தலைவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கீரிக்கு.

"நேரத்தோடு வந்து சொன்னாய், அது நல்லது. ஆனால் இனிமேல் காவல் உடும்புக்கு."

"அவனும் கடன்காரன்தானே ஐயா?"

"ஆமாம். ஊருக்கே தெரிந்த கடன். அதைச் சொல்லி அவனை யார் மிரட்ட முடியும்?"

நரி பின்வாசலைத் தேட ஆரம்பித்துவிட்டதால், முயல்கள் அப்போதே வேறு வளைக்குக் கிளம்பின. கீரி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனது.

"நானும் ஒரு குட்டியைத் தூக்கிட்டு வரட்டுமா, தங்கச்சி?"

தாய் முயல் வாயில் கவ்வியிருந்த குட்டியைக் கீழே வைத்தது. அதன் முகத்தில் கோபம் இல்லை.

"வேண்டாம் அண்ணே. தப்பா நினைக்காதீங்க... நாங்க போற வரைக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

கீரி திரும்பி நின்றது.

நீதி: வாங்கிய கடனை மறைப்பவன், தன்னை நம்பியவர்களையும் சேர்த்து அடகு வைக்கிறான்.