சேர்த்துவிட்ட அன்று சொன்னது

மலையடிவாரத்து மடத்தில் ஒரு குருவம்மா இருந்தார். அங்கே வந்துபோகும் மாரிக்கனியைவிட நாலு வயசுதான் மூப்பு. ஆனாலும் குரு குருதான். வெள்ளிக்கிழமைதோறும் மடத்தைக் கூட்டிப் பெருக்கி, சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவாள் மாரிக்கனி.

ஒரு திங்கட்கிழமை காலை, மகள் அனுசியாவை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பள்ளிக்கூடம்னாலே பிள்ளைக்குக் காய்ச்சல் வருதும்மா. மூணு கோயில்ல கயிறு கட்டிட்டேன். மொளகா சுத்திப் போட்டேன். ஒண்ணும் கேக்கல. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

குருவம்மா பிள்ளையைப் பார்த்தார்.

"என்ன படிக்க தாயி?"

"மூணாவதும்மா" என்றாள் மாரிக்கனி.

"பக்கத்துல யாரு உக்காருவா?"

"இவ யாருகூடச் சேருவா? ஊமக்கோட்டான்."

"எங்க வலிக்கு?"

"வலியெல்லாம் இல்லம்மா. அம்புட்டும் நடிப்பு."

குருவம்மா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து மாரிக்கனியிடம் நீட்டினார்.

"வாய் நெறைய ஊத்திக்கோ. நான் சொல்ற வரைக்கும் முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது."

மந்திரித்த தண்ணீர் என்று நினைத்தாள் மாரிக்கனி. கன்னம் உப்ப உட்கார்ந்தாள்.

"எங்க வலிக்கு?"

பிள்ளை தாயின் வாயையே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. அது திறக்காது என்று தெரிந்தபிறகு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியது. தொடையில் பிரம்புத் தடம். பழசு பச்சையாக, புதுசு கன்றிப்போய்.

"யாரு?"

"சார்."

"எதுக்கு?"

"வாய்ப்பாடு மறந்துட்டேன். பெறகு அழுததுக்கு."

"ஒங்கம்மாட்ட சொல்லலையா?"

"அம்மாதான சொல்லுச்சு. சேத்துவிட்ட அன்னைக்கு. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்னு. சார் சிரிச்சாரு." பிள்ளை பாவாடையை இறக்கிவிட்டது. "கண்ணுல மட்டும் அடிக்கல."

மாரிக்கனி வாயைத் திறக்கப் போனாள். ஊரில் எல்லாரும் சொல்வதுதானே. சின்ன வயசில் தன்னைச் சேர்க்கும்போது தன் அப்பாவும் சொன்னதுதானே. சொல்லாவிட்டால் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்பார்களே. எதையும் சொல்ல முடியவில்லை. வாயில் தண்ணீர் நின்றது.

குருவம்மா தலையசைத்தார். முழுங்கினாள்.

"திருநீறு பூசி விடுங்கம்மா." மகளை முன்னால் நகர்த்தினாள். "பிள்ளைக்குச் சரியாயிரும்ல?"

"பள்ளிக்கூடம் எத்தன மணிக்கு?"

"ஒம்பதரைக்கு."

"போ. சேத்துவிட்ட அன்னைக்கு நின்ன எடத்துலயே நில்லு. அதே சார்ட்ட, சொன்னதத் திருப்பி வாங்கு. அன்னைக்கு மாதிரியே, இவ காதுல விழுற மாதிரி பேசு."