அரசருக்கு முதுகு அரித்த கதை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், பெயரைச் சொன்னால் அந்த வம்சத்தார் யாராவது சண்டைக்கு வருவார்கள், ஓர் அரசருக்குத் திடீரென்று தானம் செய்கிற ஆசை பிடித்துக்கொண்டது. நல்ல ஆசைதான். களஞ்சியத்தில் நெல் இருந்தது, கொடுக்க மனசும் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அதுதான் இல்லை. "கண்டபடி கொடுத்தால் ஜனங்கள் ஏமாற்றிவிடுவார்கள் மகாராஜா" என்று சபையிலிருந்த கனகசபையார் என்பவர் அவர் காதில் ஓதினார். ஓதியதற்குப் பலனாகத் தர்மாதிகாரி என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. உடனே உட்கார்ந்து தானத்துக்கென்று ஒரு சாசனம் எழுதினார்.

அந்தச் சாசனத்தைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உதவி கேட்டு வருகிறவர்கள் மனுவைப் பாட்டாகத்தான் பாட வேண்டுமாம். கஷ்டம் உண்மைதான் என்று சபையிலுள்ள பெரிய மனிதர் இருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். இவ்வளவும் ஆன பிறகு, என்ன கொடுப்பது, எங்கே கொடுப்பது என்பதைக் கொடுக்கிறவர்தான் முடிவு செய்வாராம். வாங்குகிறவர் "இது வேண்டாம், அது வேண்டும்" என்று வாயைத் திறந்தால் அடங்காமை. அதிலும் முதலில் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். வாங்கியவர் சபையில் நின்று வாயாரப் புகழ்ந்தால்தான் மீதி வரும். அரசர் இதற்கு முத்திரை வைத்தார். படித்துப் பார்த்தாரா என்பது உங்கள் யோசனைக்கு.

அந்தச் சபையில் உலகநம்பி என்றொரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அந்த வருஷம் அவனுக்கே சிரிப்பு வரவில்லை. காரணம், தானசாலை வாசலில் உட்கார்ந்திருந்த பொன்னுருவி.

பொன்னுருவியை அனுப்பியது வெள்ளோடை என்ற ஊர். ஊரே கூடிப் பேசி, "நீதான் யாருக்கும் பயப்படாமல் பேசுவாய், போய்ச் சொல்லிவிட்டு வா" என்று அனுப்பியிருந்தது. ஆடியில் வந்தவள், புரட்டாசி பிறந்தும் அதே இடத்தில்தான் இருந்தாள். நம்பி தினமும் அந்த வழியாகத்தான் சபைக்குப் போக வேண்டும்.

"இன்னிக்கு என்னம்மா சொன்னாங்க?" என்று ஒரு நாள் நின்று கேட்டான்.

"பாட்டுல சீர் உதைக்குதாம் சாமி. ஏரிக்கரை உடைஞ்சு கெடக்குன்னு சொல்றதுக்கு என்ன சீரு வேண்டிக் கெடக்கு?"

"கரை எப்படி உடைஞ்சுது?"

"தருமம் பண்ணித்தான் உடைஞ்சுது. முந்தின வருசம் கரையை ஒசத்த மண்ணு வெட்டணும், வெட்டுற சனத்துக்கு நெல்லு குடுங்கன்னு கேட்டோம். நெல்லு வரல. கரை மேல ஒரு கல் மண்டபம் கட்டி, அதுக்குள்ள ராசா சிலையை வச்சுட்டுப் போயிட்டாங்க. 'அங்க மண்ணு எளக்கம், தாங்காது'ன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டோம். நாங்க அடங்காதவங்களாம். மழை வந்துச்சு. கரை பொளந்துச்சு. மண்டபம் மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்குது. ஏரி காஞ்சு கெடக்கு."

ஐப்பசி மழைக்குள் கரையை அடைத்தால் தண்ணீர் நிற்கும். அடைக்காவிட்டால் அந்த வருஷமும் விளைச்சல் இல்லை. ஊர் மூட்டை கட்ட வேண்டியதுதான். இது வெள்ளோடையில் பால் குடிக்கிற குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தானசாலைக்குத் தெரியாது.

அன்று சபையில் கனகசபையார் எழுந்து நின்று, "வெள்ளோடை மக்களின் துயரை ஆராய்ந்தோம். ஏரி சம்பந்தமான குறை என்பதால், அன்னப்பறவை வடிவில் அழகிய படகுகள் வழங்க முடிவு செய்திருக்கிறோம்" என்று அறிவித்தார். சபை கைதட்டியது. நம்பிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, விகடம் எல்லாம் மறந்துபோயிற்று.

"காய்ந்த ஏரிக்குப் படகா? மகாராஜா, இந்தச் சாசனத்தை அடுப்பில் போட்டால் அரைப் பானைச் சோறாவது வேகும்."

தாம் முத்திரை வைத்ததை அடுப்பில் போடச் சொன்னால் எந்த அரசருக்குத்தான் கோபம் வராது?

"நம்பி, நாக்கு நீண்டுவிட்டது. சரி, ஒரு பரீட்சை வைக்கிறேன். என் பிறந்தநாள் தர்பாரில் உச்சிமணி அடிப்பதற்குள், இந்தச் சாசனம் தவறு என்று என் வாயாலேயே சொல்ல வை. ஆனால் அதற்கு எதிராக நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதில் ஓர் எழுத்தையும் மீறக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டு வெளியேறு."

"அவரோடு வெள்ளோடை மனுவையும் முடித்துவிடலாம் மகாராஜா" என்று கனகசபையார் குளிர்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். அரசர் தலையசைத்தார்.

கனகசபையார் அதோடு விட்டாரா? நம்பி தர்பாரில் ஆடிப் பாடிச் சபையை மயக்கிவிடுவானோ என்று அவருக்குப் பயம். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் தர்பாரில் அரசர் ஒரு கையில் செங்கோலும் மறு கையில் உடைவாளும் பிடித்து உட்கார வேண்டும். உச்சிமணி அடிக்கும் வரை இரண்டையும் கீழே வைக்கக் கூடாது, ஆசனத்தை விட்டு எழவும் கூடாது. வைத்தால் நாட்டுக்கு ஆகாது என்பார்கள். அதனால் வியர்வை துடைக்க, மோர் புகட்ட, ஈ விரட்ட ஓர் ஆள் பின்னால் நிற்பான். அவனைத் தவிர வேறு யாரும் அன்று அரசரைத் தொடக் கூடாது. பின்னால் நிற்பவன் சபையைப் பார்த்துப் பேசவும் கூடாது.

"அந்தப் பாக்கியத்தை இம்முறை நம்பிக்குத் தாருங்கள் மகாராஜா" என்றார் கனகசபையார். "இன்னொன்று. நடுவில் யாருக்காவது எதையாவது வாரிக் கொடுத்துப் பெயர் தட்டிக்கொள்ளப் பார்ப்பார். ஆகையால் அன்று உச்சிமணி வரை, இந்தச் சபைக்குள் யார் யாருக்கு எது கொடுத்தாலும், எந்த உதவி செய்தாலும், அது சாசனப்படியே நடக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டும்."

அரசர் அதற்கும் முத்திரை வைத்தார்.

நம்பி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அவன் மனைவி மங்கைநாச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே தெரியாதா? பாத்திரம் பண்டத்தை எல்லாம் இப்பவே கட்டட்டுமா, இல்ல நாளைக்குக் கட்டட்டுமா?"



மறுநாள் கனகசபையார் அரசருக்கான பிறந்தநாள் பரிசைச் சபைக்குக் கொண்டுவந்தார். கழுத்திலிருந்து முழங்கால் வரை சரிகை பின்னிய கனத்த அங்கி. அரசருக்கு மெல்லிய பருத்திதான் பிடிக்கும். அவரை யார் கேட்டார்கள்? எல்லாரும் தொட்டுத் தொட்டுப் புகழ்ந்தார்கள். நம்பியும் அதன் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். முதுகுத் தையலில் சரிகை நுனிகள் முள்ளுமுள்ளாக நின்றன. ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

பிறந்தநாளும் வந்தது. சபை நிறைந்து வழிந்தது. கடைசி வரிசையில் தூணை ஒட்டிப் பொன்னுருவி நின்றாள். தன் ஊர் மனுவை முடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். அரசர் புது அங்கியில் செங்கோலும் வாளுமாக அமர்ந்தார். வாழ்த்துப் பாட்டுகள் முடிவதற்குள்ளேயே நெளிய ஆரம்பித்தார்.

"நம்பி" என்றார் உதடு அசையாமல். "முதுகு அரிக்கிறது. சொறி."

நம்பி குனிந்து காதருகே, "தங்கள் உத்தரவுப்படி எந்த உதவியும் சாசனப்படிதான் மகாராஜா. மனு பாட்டாக இருக்க வேண்டும்" என்றான்.

"விளையாடாதே."

"மீறினால் அடியேன் தோற்றுவிடுவேனே."

அரசர் பல்லைக் கடித்தார். அரிப்பு விடவில்லை. பட்டத்து அரசர், பிறந்தநாளும் அதுவுமாக, முணுமுணுவென்று பாடினார்:

"முதுகின் நடுவே முள்ளாய் அரிக்குதே
மெதுவாய்ச் சொறிவாய் மேன்மைசேர் நம்பியே."

"அருமை. இனி அரிப்பு உண்மைதான் என்று பெரிய மனிதர் இருவர் சாட்சி சொல்ல வேண்டும்."

அரசர் கண்ணாலேயே கனகசபையாரை அருகே அழைத்தார். "எனக்கு முதுகு அரிக்கிறது என்று சாட்சி சொல்லும்."

கனகசபையாருக்கு வேர்த்துவிட்டது. அரிக்கிறது என்றால் அங்கி தந்த தம் தலைக்கல்லவா வரும்? "உயர்ந்த சரிகை மகாராஜா. அரிக்க வாய்ப்பே இல்லை. தங்களுக்கு அப்படித் தோன்றுகிறது போலும்" என்றார்.

அரசர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வேன்! படைத்தலைவரும் அரண்மனை வைத்தியரும் ஓடிவந்து சாட்சி சொன்னார்கள். நம்பி திருப்தியாகத் தலையாட்டி, நெடுநேரம் யோசித்து, அரசரின் முழங்கையைச் சொறிந்தான்.

"அங்கே இல்லையடா. முதுகில்."

"முழங்கைதான் தங்களுக்கு நல்லது என்று முடிவு செய்திருக்கிறேன் மகாராஜா. எந்த இடம் என்று கொடுக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். பெறுகிறவர் குறிப்பிட்டால் அது அடங்காமை."

பிறகு காது மடலைச் சொறிந்தான். பிறகு குதிகால். முன் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அரசருக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. கடைசியில் மனமிரங்கியவனைப் போல நம்பி முதுகுக்கு வந்து, அரிக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரே ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"ஏன் நிறுத்தினாய்?"

"இது முதல் பகுதி மகாராஜா. இனி தாங்கள் என் சொறிதலைச் சபையறிய வாயாரப் புகழ்ந்தால் மீதி கிடைக்கும்."

அவ்வளவுதான். அரசர் போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன.

"என் முதுகு, என் அரிப்பு. எங்கே அரிக்கிறது என்று எனக்குத் தெரியாமல் உனக்கா தெரியும்? வேதனையில் துடிக்கிறவனைப் பாடு என்கிறாய், சாட்சி கொண்டுவா என்கிறாய், வேண்டாத இடத்தில் சொறிகிறாய், அதற்குப் புகழ வேறு சொல்கிறாய். இப்படி ஒரு சாசனத்தை எந்த மடையன் எழுதினான்? எந்த மூடன் இதற்கு முத்திரை வைத்தான்?"

கனகசபையார் தரையைப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"அதத்தான் சாமி நாங்க ஆடி மாசத்துலருந்து சொல்லிக்கிட்டிருக்கோம்."

அரசர் பொன்னுருவியைப் பார்த்தார். திரும்பி நம்பியைப் பார்த்தார். முத்திரை வைத்த மூடன் யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இனி சாசனப்படியா மகாராஜா, தங்கள் சொற்படியா?" என்று நம்பி பணிவாகக் கேட்டான்.

"சாசனம் தொலையட்டும். என் சொற்படி. மேலே. இன்னும் மேலே. கொஞ்சம் வலது பக்கம். அங்கேதான்."

நம்பி சொறிந்தான். அரசரின் முகம் மெல்ல மலர்ந்தது. உச்சிமணி அடித்தபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

செங்கோலையும் வாளையும் வைத்துவிட்டு, அவர் பொன்னுருவியை முன்னால் அழைத்தார். "என்ன வேண்டும் என்று நீயே சொல் அம்மா. பாட வேண்டாம்."

"கரை அடைக்கிற வரைக்கும் எங்க சனத்துக்குச் சோத்துக்கு நெல்லு. அந்த நெல்லையும் எங்க ஊர்க் கூட்டத்துக்கிட்டயே குடுத்துருங்க, நாங்க பங்கு வச்சுக்கிறோம். மண்டபத்தைப் பிரிச்சுக் கல்லை எடுத்துக்கிறோம்."

"தந்தேன். கனகசபையாரையும் கூட்டிப் போ. நீங்கள் சொல்கிற வேலையைச் செய்யட்டும்."

"அவரு வேண்டாம் சாமி. அவருக்கும் சேத்துல்ல சோறு ஆக்கணும்."

அரசர் மறுபடியும் சிரித்தார். சிரித்து முடித்துக் கொஞ்சம் தயங்கி, "அந்த மண்டபத்தில் என் சிலை இருக்கிறதே?" என்றார்.

பொன்னுருவி யோசித்தாள். "நல்ல கனமான கல்லு. ஒடைப்புல மொதல்ல எறக்கிட்டா மண்ணு சரியாம நிக்கும்."

சபை நடுங்கிப்போயிற்று. அரசர் அவளையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "இறக்குங்கள் அம்மா. அங்கேயாவது நான் உபயோகப்படுகிறேன்."

ஐப்பசியில் மழை கொட்டியது. வெள்ளோடைக் கரை நின்றது. அரசர் உள்ளே இருந்து தாங்கினார்.

நம்பிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். அவனைக் கேட்டுக் கொடுத்திருக்கலாம் இல்லையா? அன்று சபை கலையும்போது அரசர் அந்தச் சரிகை அங்கியைக் கழற்றித் தம் கையாலேயே அவனுக்குப் போர்த்தினார். "என்ன பரிசு தருவது என்று நானே முடிவு செய்துவிட்டேன் நம்பி. வீடு போய்ச் சேரும் வரை கழற்றக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கண்ணீர் வரச் சிரித்தார். ஒரு பொற்கிழியையும் அவன் இடுப்பில் செருகினார்.

நம்பி தெருவெல்லாம் நெளிந்து நெளிந்து நடந்து வீடு வந்து சேர்ந்தான். மங்கைநாச்சி கட்டிய மூட்டைகளோடு வாசலில் நின்றாள். அவன் பேசக்கூட முடியாமல் முதுகைத் திருப்பிக் காட்டினான்.

"என்ன கோலம் இது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்:

"எங்க அரிக்குது?"