அரசி கொண்டுவந்த சுருள்கோரை

மழை தனக்குப் பிடித்த ஊர்களுக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில், மழைக்கு அவ்வளவாகப் பிடிக்காத செம்பாறை நாட்டில், சாத்தையன் என்று ஓர் அரண்மனைத் தோட்டக்காரன் இருந்தான்.

செம்பாறையில் தண்ணீரைச் சிந்துகிறவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். அரசனே ஒரு செம்புத் தண்ணீரில்தான் குளிப்பான். அப்பேர்ப்பட்ட நாட்டில் சாத்தையன் மல்லிகையைப் பூக்கவைத்தான், மாதுளையைக் காய்க்கவைத்தான், பாறை இடுக்கில் பூசணியைப் படரவிட்டான். எல்லாவற்றுக்கும் அவன் கையில் இருந்தது ஒரே ஒரு கொட்டாங்கச்சி. அதன் அடியில் ஊசியால் குத்திய துளை. அதிலிருந்து எவ்வளவு சொட்டுகிறதோ அவ்வளவுதான் செடிக்கு. இந்தத் திறமைக்காக அரசன் அவனுக்குச் சிவப்புத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தான். தூங்கும்போதுகூட அவன் அதைக் கழற்றுவதில்லை என்று அவன் மனைவி உலகாயி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த அரசனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண், ஆறும் கழியும் சதுப்புமாகக் கிடக்கும் நீர்முளை நாட்டின் இளவரசி, அல்லியங்கோதை. அவளோடு பல்லக்கில் ஒரு மண்தொட்டியும் வந்து இறங்கியது. தொட்டியில் ஒரு கொத்துக் கோரை. மற்ற கோரையெல்லாம் ஈட்டிபோல நேராக நிற்கும். இதுவோ ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல, பாகல்கொடியின் பற்றுச்சுருளைப்போல, குளித்த குழந்தையின் தலைமயிரைப்போலச் சுருண்டு சுருண்டு நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு செடியைப் பார்த்துச் செம்பாறைக்காரர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உடன் வந்த தூதர் தங்கள் நாட்டு வழக்கத்தை எடுத்துச் சொன்னார்.

“எங்கள் பெண் போகிற வீட்டுக்கு இந்தச் செடியும் போகும். அறுவடை முடிந்ததும் பெண்ணின் தகப்பனார் வந்து பார்ப்பார். செடி காய்ந்து கிடந்தால் மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவார். அதுவரை பெண் செடியைத் தொடமாட்டாள். அதைப் பற்றித் தானாகப் பேச்செடுக்கவும் மாட்டாள்.”

அரசனுக்கு அல்லியங்கோதையை அதற்குள் மிகவும் பிடித்துப்போயிருந்தது. சாத்தையனைக் கூப்பிட்டான்.

“சாத்தையா, இந்தச் செடி போனால் என் வீட்டு விளக்கே போய்விடும்.”

“மகாராஜா, பாறையில் பூசணி காய்க்கவைத்தவன் நான். இது வெறும் புல்தானே?” என்றான் சாத்தையன்.

தொட்டியை நந்தவனத்து நடுவில் வைத்தான். காலையில் கொட்டாங்கச்சியால் சொட்டவிட்டான். சில நாளில் கோரையின் நுனி மஞ்சளானது. செம்பாறையில் எந்தச் செடி மஞ்சளானாலும் காரணம் ஒன்றுதான்: புதிதாக வந்த எவனோ தண்ணீரை அள்ளி ஊற்றியிருப்பான். ஆகவே சாத்தையன் யோசிக்கவேயில்லை. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தான்.

அல்லியங்கோதை அந்தப் பக்கம் வந்தாள். “தோட்டக்காரரே, சௌக்கியமா?”

“சௌக்கியம் தாயே.”

அவள் சற்று நின்றாள். போய்விட்டாள்.

மஞ்சள் பழுப்பானது. வேரில் ஈரம் தங்கியிருக்கிறது என்று முடிவுசெய்து, தொட்டியை நல்ல வெயிலுக்கு நகர்த்தினான். மறுபடியும் அல்லியங்கோதை வந்தாள். “தோட்டக்காரரே, வெயில் அதிகம் இல்லையா?”

“எங்கள் ஊர் வெயில் நல்ல வெயில் தாயே.”

அவள் சற்று நின்றாள். போய்விட்டாள்.

பழுப்பு கருகலானது. மண்ணைக் கிளறி மணலைக் கலந்தான், ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சநஞ்ச ஈரமும் வடியட்டும் என்று. மூன்றாவது தடவையும் அல்லியங்கோதை வந்தாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. முகம் வாடியிருந்தது. சற்று நின்றாள். போய்விட்டாள்.

அன்றைக்கு ஒற்றன் செய்தி கொண்டுவந்தான். நீர்முளை அரசர் புறப்பட்டுவிட்டார். ஆனால் வழியில் இருக்கிற சத்திரம் ஒவ்வொன்றிலும் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாராம்.

சாத்தையனுக்குச் சோறு இறங்கவில்லை. உலகாயி வட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“என்னய்யா, மூஞ்சி உன் கோரை மாதிரியே கருகிக் கிடக்குது?”

“எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் உலகாயி. தண்ணிய இன்னும் குறைக்கணும்னா, இனி செடிக்கிட்டச் சும்மா காட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டு வரணும்.”

“அந்தச் செடிக்குச் சொந்தக்காரி மூணு தடவ பக்கத்துல வந்து நின்னுட்டுப் போயிட்டா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“அவங்கதான் பேசக் கூடாதே.”

“அவங்க பேச்செடுக்கக் கூடாது. நீ எடுக்க வேண்டியதுதானே? உன் வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நான் தலைமைத் தோட்டக்காரன்டி. நான் போயி ஒருத்தர்கிட்டக் கேக்கறதா?”

“நல்லா இருக்கு. அந்தம்மா ஊருக்குத் திரும்பிப் போறப்ப, பல்லக்குக்கு முன்னாடி நீயே அந்தத் தலைப்பாகையோட நடந்து போ. பாக்க அழகா இருக்கும்.”

சாத்தையன் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்தான். நேரே அரண்மனைக்கு ஓடினான். அல்லியங்கோதை முற்றத்தில் இருந்தாள்.

“தாயே, இந்தச் செடிக்கு என்னதான் வேணும்?”

அவ்வளவுதான். தேக்கிவைத்த மடையைத் திறந்ததுபோல் அவள் பேச ஆரம்பித்தாள்.

“தண்ணீர்! இன்னும் தண்ணீர்! அதற்கு மேலும் தண்ணீர்! நீங்கள் அந்தக் கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை வறண்டுபோகும். இது சேற்றில் பிறந்தது, ஐயா. கால் முழுக்க நனைந்துகொண்டே நிற்க வேண்டும்.”

“வேர் அழுகிடாதா தாயே?”

“மீன் அழுகுமா தண்ணீரில்?”

சாத்தையனுக்கு மயக்கமே வந்துவிட்டது. எப்போதும் தண்ணீரில் நிற்கும் செடி! செம்பாறையில் அப்படித் தண்ணீர் எங்கே நிற்கிறது? யோசித்தான். அரண்மனை வாசலில், வருகிறவர்கள் கால் கழுவுகிற கல்தொட்டி நினைவுக்கு வந்தது. கழுவிய தண்ணீர் அதில் சேறும் சகதியுமாகத் தேங்கிக் கிடக்கும். அதை எந்தச் செடிக்கும் அவன் ஊற்றியதில்லை.

“கால் கழுவின அழுக்குத் தண்ணி ஆகுமா தாயே?” என்று தயங்கிக் கேட்டான்.

“அதற்கு அது பாயசம்!” என்றாள் அரசி.

கோரையைக் கொண்டுபோய்க் கல்தொட்டியில் இறக்கினான். மந்திரி கால் கழுவினார், மாடு மேய்க்கிறவன் கால் கழுவினான், வெளியூர் வியாபாரி கால் கழுவினான். எல்லோர் கால் தண்ணீரையும் கோரை மகிழ்ச்சியாகக் குடித்தது. கருகலுக்கு நடுவில் பச்சைப் பச்சையாக முளைகள் எட்டிப்பார்த்தன. எட்டிப்பார்த்த வேகத்திலேயே சுருண்டுகொண்டன. அரசன்கூட வெளியே எங்கும் போகாமலேயே நாலு தடவை கால் கழுவிவிட்டுப் போனான்.

“கருகினதையெல்லாம் வெட்டிடட்டுமா தாயே?” இப்போது சாத்தையன் எதையும் கேட்காமல் செய்வதில்லை.

“வேண்டாம். அப்பா பார்க்கட்டும்.”

நீர்முளை அரசர் வந்து சேர்ந்தார். வாசலில் கால் கழுவக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாதிக் கோரை கருகியிருந்தது. பாதிக் கோரை பளபளவென்று பச்சையாகச் சுருண்டிருந்தது. அரசன் அல்லியங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டான். சாத்தையன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“யார் கேட்டது?” என்றார் நீர்முளை அரசர்.

“நான்தான் மகாராஜா. ரொம்பத் தாமதமாகக் கேட்டேன்.”

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“முழுதும் கருகியிருந்தால் மகளை அழைத்துப் போயிருப்பேன். முழுதும் பச்சையாக இருந்திருந்தால், இவள் வாயை அடக்கவில்லை என்று கோபித்திருப்பேன். இது சரி. தெரியாத இடத்தில் கேட்கிற ஆள் ஒருவராவது இந்த வீட்டில் இருக்கிறார். என் மகள் இங்கே நன்றாக இருப்பாள்.”

அரண்மனையில் மேளம் கொட்டியது. விருந்து நடந்தது. கிழவர் மூன்று பந்தியிலும் உட்கார்ந்தார். புறப்படும்போது சாத்தையனைத் தனியே அழைத்து, செம்பாறை மல்லிகைப் பதியன் ஒன்று வேண்டும் என்றார். சாத்தையன் மகிழ்ந்துபோய் எடுத்துவந்து கொடுத்தான். கிழவர் அதைக் கையில் வாங்கியவுடன் கேட்டார்:

“இதற்கு என்னதான் வேணும், தோட்டக்காரரே?”

நமக்குத் தெரிந்ததைக் கொடுப்பதைவிட, எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பதே உண்மையான பராமரிப்பு.