ஜமீன்தாரின் முறுக்கு

வேலங்காட்டு ஜமீன்தார் தன் துப்பாக்கியின் திருகாணிகளைத் தானே முறுக்குவார். துப்பாக்கியின் மரக்கட்டை கிரீச்சிட்டாலும் விடமாட்டார். குண்டு குறியைத் தவிர எல்லா இடத்திலும் பாய்ந்தது.

“துப்பாக்கியைத் துடைத்தவன் நீதானே? இன்றைய சுடும் போட்டியில் குறி தப்பினால் உனக்கு இங்கே வேலையில்லை!” என்று தனக்கு உடுப்பு மாட்டிவிடும் வேலைக்காரன் சடையாண்டியிடம் சீறினார்.

குற்றம் எசமானுடையது என்று எப்படிச் சொல்வது? போட்டிக்கு உடுத்திவிடும்போது சடையாண்டி அவருடைய இடுப்புவாரைக் கடைசி ஓட்டைவரை இழுத்து மாட்டினான்.

“டேய், உடம்பே கோணுதுடா!”

“இறுக்கினாத்தான் ஆடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க, எசமான்? பாவம், கட்டைக்குக் கத்தத் தெரியல. கோணிக்கிட்டே சுடுது.”

ஜமீன்தார் அசடு வழிந்தார். சடையாண்டி வாரையும் திருகாணிகளையும் அளவாகத் தளர்த்தினான். போட்டியில் முதல் குண்டே குறியாக வைத்த தேங்காயைச் சிதறடித்தது.

“பார்த்தாயா, நான் முறுக்கியது!”

“ஆமாங்க எசமான். நான் தளர்த்தினது போக, மிச்ச முறுக்கெல்லாம் உங்களுதுதானே!”