பதினாலாம் நம்பர் டோக்கன்

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்திரண்டு. சிரிக்க வேண்டாம், ஞானம் என்ன சர்வீஸ் சீனியாரிட்டி பார்த்தா வருகிறது?

சிஷ்யர், டாக்டர் தணிகாசலம். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பேரெடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இந்தச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்த்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடிவைத்த ஜனங்களுக்கு அது ஒன்றுதான் வைத்தியம். குரு, அங்கே எட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கும் நூர்ஜஹான் சிஸ்டர். தான் குரு என்பது சிஸ்டருக்கே தெரியாது.

வந்த வாரமே டாக்டர் ஒரு சட்டம் போட்டார். டோக்கன் நம்பரை மூன்று தரம் கூப்பிடுவது. ஆள் இல்லையென்றால் நம்பரை அடித்துவிடுவது. மறுநாள்தான் வர வேண்டும்.

"இங்க அது சரிப்படாது டாக்டர்" என்று சிஸ்டர் ஒரே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா?" என்றார் டாக்டர். பேச்சு அதோடு முடிந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். பெஞ்சு நிறைய ஆள். தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. பாதிப் பெஞ்சு காலி.

"பதினாலு" என்று கூப்பிட்டார் டாக்டர். பதில் இல்லை.

"குடம் வைக்கப் போயிருக்கு சார், இதோ வந்துடும்" என்றாள் பெஞ்சில் இருந்த ஒருத்தி.

இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, நோட்டில் பதினாலை அடித்தார். சகாயமேரி, எட்டு மாசம் என்று எழுதியிருந்தது.

"மூணு நாளா இதே கதை சிஸ்டர். வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படியா? தன் உடம்பு மேலயே அக்கறை இல்லாத ஜனத்துக்கு எப்படித்தான் வைத்தியம் பார்க்கிறது?"

சிஸ்டர் குழாயைத் திறந்து காட்டினார். காற்றுதான் வந்தது. உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"ஆயா இன்னிக்கு லீவு. நான் ஊசி போட்டுட்டு இருக்கேன். லாரி நிக்குது."

"நானா?"

"எப்படி வைத்தியம் பார்க்கிறதுன்னு கேட்டது நீங்கதானே."

தண்ணியைப் பற்றி டாக்டர் எதுவும் கேட்கவில்லைதான். ஆனாலும் கை கழுவாமல் நோயாளியைத் தொடாத மனுஷன். எழுந்து போனார், கழுத்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றக்கூட மறந்து.

லாரிக்கு முன்னால் சிவப்பும் பச்சையுமாக நாற்பது குடம் வரிசை கட்டி நின்றது. ஆட்கள் பத்துப் பேர்கூட இல்லை.

"என்னா சார், தண்ணிக்கும் நம்பர் அடிக்க வந்துட்டியா?" என்றாள் பின்னால் வந்து நின்ற மீன்காரம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"மத்தவங்க எல்லாம் எங்கம்மா?"

"ஒருத்தி அடுப்புல சோறு வெச்சிருப்பா. ஒருத்தி புள்ளைய ஸ்கூல்ல உடப் போயிருப்பா. ஆளு இன்னாத்துக்கு? அதான் குடம் நிக்குதே."

வரிசை பாதிகூட நகரவில்லை. டாக்டரின் போன் அடித்தது.

"பதினாலு திரும்பி வந்திருக்கா டாக்டர்" என்றார் சிஸ்டர். "பிரஷர் நூத்தெழுபதுக்கு நூத்திப்பத்து. கண்ணு மங்கலா தெரியுதுங்கறா. ஃபிட்ஸ் வர்றதுக்குள்ள வாங்க."

டாக்டர் குடங்களைப் பார்த்தார்.

"போ சார்" என்றாள் மீன்காரம்மா.

ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடி அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை.

சகாயமேரி கட்டிலில் கிடந்தாள். முகமும் கையும் வீங்கியிருந்தன. சிஸ்டர் மருந்தை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். டாக்டர் ஊசி போட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். தன் பழைய ஆஸ்பத்திரி பிரசவ வார்டைத் தானே போனில் பிடித்து, கட்டில் தயாராக வைக்கச் சொன்னார்.

"தலைவலி எத்தனை நாளா?"

"நாலு நாளா சார்."

"ஏம்மா முன்னாடியே வரலை?"

"வந்தேனே சார். நேத்தும் வந்தேன், முந்தாநாளும் வந்தேன். குடத்த வெச்சுட்டு ஓடியாந்தேன். நம்பர் போச்சுன்னீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னாள். இன்றைக்கும் தான் இங்கே இருந்திருந்தால் இவளைத் திருப்பி அனுப்பியிருப்போம் என்பது டாக்டருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வண்டி வரும்வரை கட்டிலை விட்டு நகரவில்லை. வண்டியில் ஏற்றும்போது, "என் குடம் லைன்ல இருக்கு" என்றாள் அவள்.

"நான் பாத்துக்கறேன். நீ போம்மா."

சொன்னபடியே போனார். லாரி போய்விட்டிருந்தது. அவருடைய இரண்டு குடங்களும் தளும்பத் தளும்ப ஓரமாக நின்றன.

"யாரும்மா பிடிச்சு வெச்சது?"

மீன்காரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "யாரோ. அதெல்லாம் யாரு பாத்தா?"

"சகாயமேரி குடம்?"

"அது மூணாவது மாடி ஏறி அவ வூட்டுக்கே போயாச்சு."

டாக்டர் இரண்டு குடங்களையும் தூக்கிக்கொண்டு நடந்தார். சட்டை நனைந்தது.

நாலு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் முடிந்தது, பெண் குழந்தை, எடை குறைவு, அழுகை மட்டும் வார்டையே தூக்குகிறது. தாய் கண் விழித்துவிட்டாள்.

டாக்டர் வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடித்த நம்பர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. பேர்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

"இவங்க ஒருத்தரையும் விடக் கூடாது சிஸ்டர். நாளைக்கே வீடு வீடா நான் போறேன்."

"சரி டாக்டர்."

"அந்தச் சட்டத்தையும் எடுத்துடுவோம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. முறை வந்து கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா, அப்புறம் என்னதான் பண்றது?"

சிஸ்டர் டாக்டர் கொண்டுவந்த தண்ணீரை மொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"லாரியில உங்க முறை வந்தப்ப நீங்களும்தான் அங்க இல்ல. அவங்க என்ன பண்ணாங்க டாக்டர்?"