தெளியாத தோப்பி

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது. அப்போது ஒரு மலைச்சரிவில் பெருங்காடன் என்றொரு தலைவன் இருந்தான். வீரத்தில் நடுத்தரம். விவேகத்தில் அதற்கும் ஒரு படி கீழே. ஆனால் அரிசியைப் புளிக்கவைத்துத் தோப்பி என்னும் கள் ஆக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் நினைப்பு.

நினைப்பில் முக்கால் பங்கு உண்மைதான். அவன் தோப்பி மணத்தது, இனித்தது, நாவில் சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு குறை. பார்ப்பதற்கு அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது.

தலைவனிடம் அதை யார் சொல்வார்கள்? சரிவின் மறுபக்கத்துத் தலைவன் சேந்தன்தான் ஒருமுறை கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது எனக்கு வைத்ததா, உன் மாட்டுக்கு வைத்ததா?" என்று கேட்டான்.

இரண்டு ஊருக்கும் ஓடை ஒன்றுதான். அறுவடை விருந்தில் யாருடைய தோப்பி சிறந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்களோ, அவர் ஊருக்கே கோடையில் முதல் தண்ணீர். அந்த ஆண்டோ மழை பொய்த்திருந்தது. முதல் தண்ணீர் தவறினால் வயல் கருகும்.

எப்படியாவது தோப்பியைத் தெளியவைத்துவிட வேண்டும் என்று பெருங்காடன் இறங்கினான்.

முதலில் தேற்றாங்கொட்டையை இழைத்துப் பானைக்குள் விட்டான். கலங்கிய குளத்து நீரையே தெளியவைக்கும் கொட்டை அது. மாலைக்குள் மேலே மெல்லத் தெளியத் தொடங்கியது. அடியிலும் தெளிந்ததா என்று அகப்பையை விட்டுக் கிளறிப் பார்த்தான். கலங்கியது. "கொட்டை சரியில்லை" என்றான்.

அடுத்து நெருக்கமான துணியில் வடிகட்டினான். மிஞ்சிய துகள் அடியில் படியத் தொடங்கியது. படிந்ததா என்று கிளறிப் பார்த்தான். கலங்கியது. "துணி சரியில்லை" என்றான்.

பிறகு ஊற்றங்கரையின் ஈர மணலில் பானையைப் புதைத்தான். குளிர்ச்சியில் கசடு இறங்கும் என்று அவன் தகப்பன் சொன்னதுண்டு. இறங்கியது. குளிர்ந்ததா என்று பானையைத் தோண்டி எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். கலங்கியது. இம்முறை தகப்பனே சரியில்லை என்றான்.

அவன் மனைவி பூதி, "ஒரு வாரம் அதைப் பார்க்காமல் இருங்களேன்" என்றாள்.

"பார்க்காமல் விட்டால் அதற்கு எப்படித் தெரியும், தெளிய வேண்டும் என்று?"

பூதி அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அந்த வேளையில் தினைப்புனத்தில் யானைகள் இறங்கின. பெருங்காடன் பறையோடும் பந்தத்தோடும் போனவன், விருந்துக்கு முந்தின நாள்தான் திரும்பினான். பானையைத் திறந்தான். சுனைநீர் போல் தெளிந்து கிடந்தது தோப்பி. அவன் முகம் அதில் அழகாகத் தெரிந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விருந்தில் பூதி பானையை அசைக்காமல் மேலாக மொண்டு ஊற்றினாள். பெரியவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், குடித்தார்கள், தலையாட்டினார்கள். சேந்தனின் தோப்பியும் தெளிவுதான், ஆனால் சப்பென்றிருந்தது. மூத்தவர் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பெருங்காடன் எழுந்துவிட்டான். "இது தானாகத் தெளியவில்லை. நான் விடாமல் கிளறியதால் தெளிந்தது" என்றான்.

சேந்தன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அப்படியானால் அடியிலும் இதே தெளிவாகத்தான் இருக்கும், இல்லையா?"

பூதி கணவனின் முழங்கையைத் தொட்டு, "பானையை விட்டுவிடுங்கள். வென்றாகிவிட்டது" என்று மெல்லச் சொன்னாள்.

"என் பானையில் மேலென்ன, அடியென்ன" என்று சொல்லி, பெருங்காடன் அகப்பையை அடிவரை இறக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

படிந்திருந்த கசடு முழுவதும் புகைபோல் எழுந்து வந்தது. அந்தக் கையோடு மூத்தவரின் கிண்ணத்தை அவனே நிரப்பினான். அவர் ஒரு வாய் குடித்தார். பல்லில் ஒட்டியதை விரலால் வழித்தார். பிறகு சேந்தன் பக்கம் திரும்பி, "முதல் தண்ணீர் உங்களுக்கு" என்றார்.

அந்தக் கோடையில் சேந்தனின் வயல்கள் குடித்து மிஞ்சிய தண்ணீர்தான் பெருங்காடனின் ஊருக்கு வந்தது. பாதி வயல் கருகியது. பெண்கள் குடத்தோடு காத தூரம் நடந்தார்கள். பானை சரியில்லை என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊரார் அவனைத் தலைமையிலிருந்து இறக்கவில்லை. அகப்பையை மட்டும் வாங்கிப் பூதியிடம் கொடுத்துவிட்டார்கள்.

தானாகத் தெளிவதைக் கைவைத்துக் கலக்குகிறவன் கலங்கலைத்தான் குடிப்பான். அவன் தலைவனாகவும் இருந்துவிட்டால் ஊரும் சேர்ந்து குடிக்க வேண்டியதுதான்.