நிற்கிற யானைக்குத் தீனி

கௌதாரி வெடுக்கிக்கு அடைகாக்க நேரமில்லை. காட்டில் எங்கே பேரம் நடந்தாலும் அவள் அங்கே இருந்தாக வேண்டும். அதனால் பாறைப் பொந்தில் பல்புகளைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்தாள். அதுவே தொழிலாகிவிட்டது. மயிலும் காடையும் காட்டுக்கோழியும், "பத்திரம்க்கா" என்று முட்டைகளை ஒப்படைத்துவிட்டு இரை தேடப் போயின.

பல்புக்கு மின்சாரம் தந்தவன் மத்தகன் என்ற யானை. செக்குமாடு போலப் பெரிய சக்கரம் ஒன்றைச் சுற்றுவான். கூலி மூங்கில். அவன் தின்ற வேகத்தில் மூங்கில் தோப்பு மொட்டையாகிக்கொண்டிருந்தது. சாணி நாற்றம் வேறு.

ஆடி மாதம் குரங்கு தாவன் மலை உச்சியில் மின்சாரம் எடுக்க ஒரு காற்றாடி நட்டான். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. பல்பெல்லாம் பளீரென்று எரிந்தது. மத்தகன் சும்மா நின்றான். ஆனாலும் பாதித் தீனி அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெடுக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுற்றினால் கூலி, சரி. நிற்பதற்குமா கூலி? நானும்தான் நிற்கிறேன். எனக்கு எவன் தந்தான்?"

"காற்று ஒருநாள் படுத்துவிடும்க்கா. அன்றைக்குச் சுற்ற உடம்பில் தெம்பு வேண்டாமா? அதற்குத்தான் இந்தத் தீனி" என்றான் மத்தகன்.

"காற்று படுக்காது. நீ படுக்காமல் இருந்தால் போதும். கால்வாசி தருகிறேன். முடியாதென்றால் நான் போகிறேன்."

அவளுடைய வித்தையே அதுதான். விலை படியாவிட்டால் வெடுக்கென்று எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். நாலு எட்டு வைப்பதற்குள், "அக்கா, வாங்க, பேசிக்கலாம்" என்று குரல் வரும்.

இந்த முறை குரல் வரவில்லை. திரும்பினால், மத்தகன் ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"கால்வாசியும் மிச்சம்" என்றாள் வெடுக்கி.

நீர்நாய் வந்தது. "ஓடையில் அணை போட்டு மின்சாரம் எடுத்துத் தரட்டுமா?"

"எங்கள் வளையெல்லாம் மூழ்கிவிடுமே" என்று முயல்கள் அலறின.

"காற்று ஓசியில் வருகிறது. அணை எதற்கு? போங்கள், போங்கள்" என்று எல்லோரையும் விரட்டினாள்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. ஆனால் காற்று அடியோடு படுத்துவிட்டது. தாவன் காற்றாடியைக் கையாலேயே சுற்றிப் பார்த்து, மூச்சு வாங்கி உட்கார்ந்தான். பல்புகள் மங்கி அணைந்தன. தாய்ப்பறவைகளோ மழையில் மலைக்கு அப்பால் சிக்கிக்கொண்டிருந்தன.

வெடுக்கி பாய்ந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். சிறகை எவ்வளவு விரித்தாலும் பாதியைத்தான் மூட முடிந்தது. மீதி சில்லிட ஆரம்பித்தது.

"டேய் தாவா, ஓடு. அந்த யானையைக் கூட்டி வா."

மத்தகன் வாயில் மூங்கிலோடு சாவகாசமாக வந்து சேர்ந்தான்.

"சக்கரத்தைச் சுற்றுப்பா. பழையபடி பாதித் தீனி தருகிறேன்."

"அக்கரையில் சும்மா நிற்பதற்கே முக்கால்வாசி தருகிறார்கள்க்கா."

"முக்காலா? பகல் கொள்ளை. உன்னிடம் பேச்சே வேண்டாம், நான் போகிறேன்" என்று வெடுக்கி எழுந்தாள்.

"அக்கா, முட்டை!" என்று கத்தினான் தாவன்.

உட்கார்ந்துவிட்டாள்.

மத்தகன் காதை ஆட்டினான். "போங்கக்கா. நாலு எட்டு வையுங்கள். கூப்பிடுகிறேனா பார்க்கலாம்."

எழுந்து போக முடியாத இடத்தில் பேரமும் செல்லாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடிக்கப் பல் இல்லை. அலகைக் கடித்துக்கொண்டாள்.

"முக்கால். ஆனால் தின்கிற மூங்கிலுக்கு ஈடாக நீயே நாற்று நட வேண்டும். சாணியைக் குழி தோண்டி மூட வேண்டும்."

"சரி."

"காற்று அடிக்கிற நாளில்?"

"நிற்பேன். தின்பேன்."

"தின்னு, தின்னு. முதலில் சுற்று."

சக்கரம் சுற்றியது. பல்பு எரிந்தது. இரண்டொரு நாளில் பொந்து முழுக்கக் கீச்சுக் கீச்சென்று சத்தம். மயிலின் முட்டை ஒன்று மட்டும் பொரிக்கவே இல்லை. மழை விட்டு மயில் வந்து கேட்டபோது, வெடுக்கி தலை குனிந்தாள். அங்கே அவள் பேரம் பேசவில்லை.

அடுத்த ஆடியில் காற்றாடி பறந்து பறந்து சுற்றியது. மத்தகன் சும்மா நின்றான். வெடுக்கி முணுமுணுத்துக்கொண்டே மூங்கிலை அவன் முன்னால் இழுத்துப் போட்டாள்.

தேவையில்லாத நாளில் யானைக்குத் தீனி மறுத்தவர், தேவை வந்த நாளில் யானை கேட்ட விலையைக் கொடுத்தே தீர வேண்டும்.